நிமிர்த்தி வைத்த படங்கள்

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷாரனுடைய வலது புருவம் இரண்டாகிவிட்டது. நிஜத்தில் இல்லை, அல்போன்சம்மாளின் பார்வையில்.

சிங்கப்பூர் தேக்காவில், பஃபலோ ரோட்டுக் கடைகளுக்கு மேல்மாடியில் இருக்கும் சின்ன அழகு நிலையத்தில் பதினாறு வருடமாகப் புருவம் திருத்துகிறவள் அல்போன்சம்மாள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மிச்சத்தை விரல்களில் முறுக்கி, நாற்காலியில் மல்லாந்திருப்பவரின் முகத்தை மேலிருந்து குனிந்து பார்த்தபடியே செய்கிற வேலை அது. அன்றைக்குக் குனிந்தாள். ஒரு புருவத்துக்கு மேலே, கொஞ்சம் கோணலாக, இன்னொரு புருவம் கிடந்தது. கண்ணைச் சிமிட்டிப் பார்த்தாள். போகவில்லை. எது இருக்கிற புருவம், எது இல்லாத புருவம் என்று ஊகித்து நூலை ஓட்டினாள். ஊகம் தப்பிப் போனது.

"ஆ! அக்கா!" ஷாரன் துள்ளி எழுந்து கண்ணாடியைப் பார்த்தாள். அவள் பள்ளிக்கூட ஆசிரியை, பங்குக் கோயிலில் பழக்கமானவள். "என்ன லா இது? நடுவுல கேப் விழுந்திருக்கு. நாளைக்கு ஸ்கூல்ல கான்செர்ட், ஐநூறு பேரன்ட்ஸ் வருவாங்க!"

"இப்ப அதாம்மா ஸ்டைலு" என்று பக்கத்து நாற்காலியில் மருதாணி போட்டுக்கொண்டிருந்த கதீஜா நடுவில் புகுந்தாள். "நான் பென்சில்ல தீட்டி விடுறேன் வா. ஐநூறு பேருக்கும் தெரியாது."

ஒருவழியாகச் சமாதானமாகி ஷாரன் போனபிறகு, கதீஜா கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ரெண்டு வாரமா பாக்குறேன். வர்றவங்களுக்கெல்லாம் ஒத்தக் கண்ண அடிக்கிற. ஆம்ப்ரோஸ் அண்ணனுக்குத் தெரியுமா?"

அல்போன்சம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. நூல்கண்டைப் பெட்டியில் வைத்தாள். முதல்முறை வைத்தது பெட்டிக்கு வெளியே விழுந்தது.

"கதீஜா, எனக்குக் குனிஞ்சா எல்லாம் மேலயும் கீழயும் ரெண்டா தெரியுது. ஒரு கண்ண மூடினா சரியாயிடுது."

"எத்தன நாளா?"

"ஈஸ்டருக்கு முன்னாலேர்ந்து."

"ஏண்டி, ரெண்டு மாசமாச்சு! வீட்ல சொல்லலியா?"

சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று சில பயங்கள் உண்டில்லையா, அந்த மாதிரிப் பயம். ஏழு வருடத்துக்கு முன்னால் திண்டுக்கல்லிலிருந்து அவளுடைய தங்கை போனில் பேசினாள். "அக்கா, ரெண்டு நாளா எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுக்கா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். மூளையில் கட்டி என்றார்கள். எட்டாவது மாதம் அல்போன்சம்மாள் விமானம் பிடித்துப் போய் இறங்கியபோது, தங்கையின் உடலைக் கோயிலுக்கு எடுத்துப் போயிருந்தார்கள். அதனால், இவள் கண்ணுக்கு முதல்முறை இரண்டாகத் தெரிந்த அன்றைக்கே, தன் தலைக்குள் என்ன இருக்கிறது என்று இவளாகவே முடிவுகட்டிவிட்டாள்.

கதீஜா விடுகிற ஆளில்லை. அல்போன்சம்மாளின் கைப்பையிலிருந்தே போனை எடுத்து ஆம்ப்ரோஸைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

அவள் கணவர் ஆம்ப்ரோஸ் கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளர். இருபது வயதில் வெல்டராக வந்தவர். அந்தச் சாயங்காலம் வேலை உடுப்போடு தேக்காவுக்கே வந்து, மனைவியைக் கையைப் பிடித்து மார்சிலிங் வீட்டுக்குக் கூட்டிப் போனார்.  நியூட்டனில் இறங்கி ரயில் மாறும்போது, "ரெண்டு மாசமா நான் எத்தனையா தெரிஞ்சேன்?" என்று கேட்டார்.

"நீங்க குனிஞ்சு பாக்குற உயரமா என்ன? நிமிந்து பாத்தா ஒருத்தர்தான்."

அவர் கொஞ்சம் சிரித்தார். அவர் கை மட்டும் அவள் மணிக்கட்டை விடவேயில்லை.

வட்டார அரசு பாலிகிளினிக்கில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்தார்கள். சர்க்கரை கொஞ்சம் இருந்தது, கட்டுக்குள்தான் இருந்தது. அங்கிருந்து ஆஸ்பத்திரியின் கண் பிரிவுக்குச் சீட்டு எழுதிக்கொடுத்தார்கள். அங்கே பார்த்தவர் டாக்டர் ஸ்ரீநாத், சென்னையிலிருந்து வந்தவர். நாற்பது வயதுகூட இருக்காது. தமிழ் பேசுகிறவர் என்று தெரிந்ததும் அல்போன்சம்மாளுக்குப் பாதி உயிர் வந்தது.

அவர் பேனாவை மேலும் கீழும் நகர்த்தி, கண்ணால் தொடரச் சொன்னார். ஒரு கண்ணை மூடினார், திறந்தார், மற்றதை மூடினார். பிறகு, "தலைய வலது தோள் பக்கம் சாயுங்கம்மா" என்றார். சாய்த்தாள். பேனா இரண்டும் இன்னும் விலகிப் போயின. "இப்ப இடது பக்கம்." சாய்த்தாள். இரண்டு பேனாவும் மெல்ல நெருங்கி ஒன்றாய் ஒட்டிக்கொண்டன.

"ஒண்ணாயிடுச்சு டாக்டர்!"

"ஆகும். கண்ண அசைக்கிறதுக்கு ஆறு தசை இருக்கு, அதுக்கு மூணு நரம்பு மூளையிலேர்ந்து வருது. அதுல ஒண்ணு, கண்ண உள்பக்கமா கீழ இறக்குற நரம்பு, உங்க வலது கண்ணுல பலவீனமா இருக்கு. அதான் குனிஞ்சா ரெண்டாகுது."

"அது ஏன் பலவீனமாகுது?"

"பல காரணம் இருக்கும்மா. சர்க்கரையால நரம்புக்குப் போற ரத்தம் குறையலாம், அப்படின்னா மூணு மாசத்துல தானாவே சரியாயிடும். தலையில அடிபட்டா வரும். உள்ள அழுத்தம் கூடினாலோ, ஏதாவது வளர்ந்து நரம்ப நெருக்கினாலோ வரும். பொறக்கும்போதே இருக்கவும் வாய்ப்பிருக்கு."

அவர் சொன்னதில் 'வளர்ந்து' என்ற ஒரு சொல்தான் அவள் காதில் நின்றது. தங்கையின் விஷயத்தைச் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க உள்ள வரும்போதே தலை இடது பக்கம் சாஞ்சிருந்துச்சு. எத்தன நாளா இப்படி?"

இங்கேதான், கேளுங்கள், ஒரு பொய் வந்தது.

அல்போன்சம்மாள் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே அவள் கழுத்து இடப்பக்கம் சாய்ந்துதான் இருக்கும். ஊரில் 'கோணக்கழுத்தி' என்று கூப்பிட்டுக் கேலி செய்வார்கள். அவளைப் பெண்பார்க்க வந்தபோது அம்மா சமையலறையில் வைத்துச் சொல்லிக்கொடுத்தாள்: யாராவது கேட்டால் கழுத்துச் சுளுக்கு, ரெண்டு மூணு நாளாத்தான் என்று சொல். அதையே சொன்னாள். கல்யாணத்துக்குப் பிறகும், கேட்டவர்களுக்கெல்லாம் அந்தப் பதிலையேதான் சொல்லிவந்தாள். சொல்லிச் சொல்லி நாக்கில் பதிந்துவிட்டது.

"சுளுக்கு டாக்டர். ரெண்டு மூணு நாளாத்தான்."

டாக்டர் ஆம்ப்ரோஸைப் பார்த்தார். மனைவியின் மானம் தன் கையில் இருக்கிறது என்று நினைத்த ஆம்ப்ரோஸ், "ஆமா டாக்டர், தலகாணி சரியில்ல" என்றார்.

டாக்டர் எழுதிக்கொண்டார். "சரி. அடுத்த வாரம் ஸ்கேனுக்கு எழுதுறேன். அதுக்கு முன்னால வியாழக்கிழமை ஒருதடவை வாங்க. வரும்போது உங்க பழைய போட்டோ, சின்ன வயசுலேர்ந்து எவ்வளவு இருக்கோ அவ்வளவும் கொண்டு வாங்க. பாத்துட்டு ஸ்கேன் தேவையான்னு முடிவு பண்ணலாம்."

எதற்குப் படம் என்று அவர் சொல்லவில்லை. வெளியே நாற்காலி நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள், இவர்களும் கேட்கவில்லை.

"நான் முன்னால எப்படி இருந்தேன்னு பாக்கணுமாம்" என்று பேருந்தில் அல்போன்சம்மாள் முணுமுணுத்தாள். "எவ்வளவு கெட்டுப்போச்சுன்னு கணக்குப் போடுறதுக்கு."

"கண்ணு கொஞ்சம் மாறிடுச்சான்னு பாப்பாங்க. நீயா ஏதாவது சேத்துக்காத" என்றார் ஆம்ப்ரோஸ்.

படங்களுக்குக் குறைவில்லை. ஆங் மோ கியோவில் பழைய வீட்டில் இருந்தபோது ஆல்பங்களில் பூஞ்சை பிடித்துவிட்டது. கொரோனா காலத்தில் சர்க்கிட் பிரேக்கர் என்று எல்லாரையும் வீட்டுக்குள் உட்கார வைத்தார்களே, அந்த இரண்டு மாதமும் ஆம்ப்ரோஸ் ஒவ்வொரு படமாக ஸ்கேன் செய்து, பூஞ்சைப் புள்ளியைத் துடைத்து, டேப்லெட்டில் ஏற்றினார். அந்த வருடம்தான் அவர்களுடைய வெள்ளி விழா. கோயிலுக்குப் போக முடியாத நாளில், மகன் வேய்னையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, முன்னூறு படத்தையும் பெரிய டிவியில் ஓட்டிக் காட்டினார். அல்போன்சம்மாள் அழுதேவிட்டாள். பூஞ்சை பிடித்த ஆல்பங்கள் வீடு மாறும்போது குப்பைக்குப் போயின.

புதன்கிழமை அவர் அந்த முன்னூறிலிருந்து மிக நன்றாக இருந்த நாற்பதைப் பொறுக்கித் தனியாக வைத்தார். டாக்டருக்கு நல்லதைத்தானே காட்டவேண்டும்?

வியாழக்கிழமை டாக்டர் ஸ்ரீநாத் டேப்லெட்டை வாங்கி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முதல்தடவை நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படம். பத்தாம் வகுப்புக் குழுப் படம். கல்யாணம். வேய்னின் ஞானஸ்நானம். அழகு நிலையத்தின் திறப்பு விழா. அவர் முகத்தில் ஏதோ ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. படம் நகர நகர அது வடிந்துபோனது. அல்போன்சம்மாள் டேப்லெட்டைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்துலயும் தலை நேராத்தான் இருக்கு" என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "அப்படின்னா இது புதுசா வந்தது. காரணத்தைத் தேடித்தான் ஆகணும். ஸ்கேன அடுத்த வாரம் வரைக்கும் தள்ள வேண்டாம். நாளைக்கே முடியுமான்னு கேக்குறேன்."

அவர் போனை எடுத்தார்.  நாளைக்கே என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். தங்கைக்கும் அப்படித்தான் நாளைக்கே என்றார்கள்.

ஆம்ப்ரோஸ் எழுந்து நின்றுவிட்டார். என்ன செய்வது என்று தெரியாமல், தான் பாடுபட்டுச் செய்த வேலையையே பிடித்துக்கொண்டார். "டாக்டர், இன்னொருதரம் நல்லா பாருங்க. படம் சின்னதா இருக்குன்னா பெரிசு பண்ணலாம், இங்க பாருங்க, எவ்வளவு தெளிவா பண்ணியிருக்கேன்." புதுநன்மைப் படத்தை விரலால் விரித்து அவர் முன்னால் நீட்டினார். வெள்ளைக் கவுன் போட்ட ஒன்பது வயது அல்போன்சம்மாள், கையில் எரியும் மெழுகுதிரி.

மனிதர் பதற்றத்தில் இருக்கிறார் என்று மரியாதைக்குத்தான் டாக்டர் பார்த்தார். பார்த்தவர் போனைக் கீழே வைத்தார்.

"சார், இந்தத் தீ ஏன் சாஞ்சு எரியுது?"

"காத்தா இருக்கும் டாக்டர்."

அவர் அடுத்த படத்துக்குத் தள்ளினார். கல்யாணப் படம். அதையும் விரித்தார். பீடத்தின் தூண்கள் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தன. சாமியார் விழப்போகிறவர்போல நின்றார். மாப்பிள்ளை ஆம்ப்ரோஸ் ஆடுகிற கப்பலில் நிற்கிறவர்போல இருந்தார். சுவரில் சிலுவை கோணலாகத் தொங்கியது. நடுவில் மணப்பெண் ஒருத்திதான் அளந்து நட்டதுபோல நேராக இருந்தாள். ஞானஸ்நானப் படத்தில் தொட்டித் தண்ணீரே சரிவாக நின்றது.

"காத்துக்குத் தண்ணி இப்படி நிக்காது சார். எல்லாப் படத்துலயும் இவங்க மட்டும் நேரா இருக்காங்க, உலகம் சாஞ்சிருக்கு."

 ஆம்ப்ரோஸ் திருட்டில் மாட்டிக்கொண்டவர் மாதிரி டேப்லெட்டின் உறையைத் தடவினார்.

"அது... நான் நிமித்தினது, டாக்டர்."

"எது?"

"இவள. இவ தலை எல்லாப் படத்துலயும் சாஞ்சிருக்கும். படம் எடுக்கும்போதெல்லாம் யாராவது ஏதாவது சொல்லி, இவ அழுது... வெள்ளி விழாவுக்குச் சந்தோசமா இருக்கட்டும்னு, இவ தலை நேராகுற வரைக்கும் ஒவ்வொரு படத்தையும் திருப்பித் திருப்பி வச்சு ஓரத்த வெட்டினேன். மத்ததெல்லாம் கொஞ்சம் சாஞ்சிடுச்சு. யாரு அதையெல்லாம் பாக்கப்போறான்னு விட்டுட்டேன்."

அல்போன்சம்மாள் டேப்லெட்டை வாங்கிப் பார்த்தாள். ஐந்து வருடமாக எத்தனையோ தடவை பார்த்த படங்கள்தான். தன் கழுத்து நேராக இருக்கிறதே என்ற பூரிப்பில், அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்று ஒருநாளும் அவள் பார்த்ததில்லை.

"என்னங்க," என்றாள், "என்ன நிமித்துறதுக்கு ஆண்டவரையேவா சாச்சீங்க?"

"அவரு கோவிச்சுக்க மாட்டாருன்னு நெனச்சேன்."

டாக்டர் வாயை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்கினார். பிறகு படத்தைத் தூண்கள் நிமிரும் வரை திருப்பினார். தூண் நிமிர்ந்தது, சிலுவை நிமிர்ந்தது, சாமியாரும் நிமிர்ந்தார். மணப்பெண்ணின் தலை இடது தோளை நோக்கிச் சாய்ந்தது. புதுநன்மைப் படத்தைத் திருப்பினார். தீ மேல்நோக்கி எழுந்தது, ஒன்பது வயதுப் பெண்ணின் தலை இடது தோளுக்குச் சாய்ந்தது. எதைத் திருப்பினாலும் அதே பக்கம், ஏறக்குறைய அதே சாய்வு.

"ரெண்டு மூணு நாள் சுளுக்குன்னு சொன்னீங்களேம்மா."

"பொய் டாக்டர்" என்றாள் அவள், பாவமன்னிப்புக் கேட்டு ஒப்புரவுக் கூண்டில் முட்டி போட்டவள் மாதிரி. "பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான்."

"தலகாணி சார்?"

"தலகாணி நல்ல தலகாணிதான் டாக்டர்" என்றார் ஆம்ப்ரோஸ்.

இப்போது டாக்டர் வாய்விட்டே சிரித்தார். சிரித்து முடித்து, நாற்காலியை அவளுக்கு நேரே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நல்லா கேளுங்கம்மா. இது உங்க தங்கச்சிக்கு வந்தது இல்ல. அந்த நரம்பு உங்களுக்குப் பொறக்கும்போதே பலவீனம். தலைய இடது பக்கம் சாச்சா ரெண்டும் ஒண்ணாயிடும்னு உங்க மூளை அப்பவே கண்டுபிடிச்சிடுச்சு. யாரும் சொல்லித் தரல. அம்பது வருசமா அது ரெண்டு படத்தையும் இழுத்துப் பிடிச்சு ஒட்டவச்சுக்கிட்டே இருந்திருக்கு. வயசாகுது, நாள் பூரா குனிஞ்சே செய்யிற வேலை, இப்பப் பிடி தளந்துடுச்சு. அவ்வளவுதான்."

"கட்டி?"

"அதுக்கு ஒரு அறிகுறியும் இல்ல. இருங்க, இன்னொண்ணும் பாத்துடுறேன்."

கண்ணாடித் துண்டுகள் வரிசையாகப் பதித்த ஒரு பட்டையை அவள் கண்முன்னால் மெல்ல மேலிருந்து கீழே நகர்த்தினார். எதுவரைக்கும் ஒன்றாகத் தெரிகிறது என்று கேட்டார். அவள் சொல்லிக்கொண்டே போனாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

"சாதாரணக் கண்ணு மூணாவது துண்டுலயே விட்டுடும். உங்களது பத்தாவது வரைக்கும் பிடிக்குது. அம்பது வருசம் பழகின கண்ணுக்குத்தான் இந்தப் பிடி வரும். போட்டோ சொன்னதையேதான் இதுவும் சொல்லுது. ஸ்கேன் இப்போதைக்கு வேண்டாம். வேற ஏதாவது புதுசா தெரிஞ்சா, தலைவலி, இமை இறங்குறது மாதிரி, அன்னிக்கே வரணும்."

சிகிச்சை என்று பெரிதாக ஒன்றுமில்லை. வேலைக்குப் போட்டுக்கொள்ளும் அவளுடைய மூக்குக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி, ப்ரிஸம் என்ற மெல்லிய ஒளி திருப்பும் தகடு ஒன்றை வலப்பக்கக் கண்ணாடியில் ஒட்டினார்கள். ஒரு கண் பார்க்கிற படத்தைக் கொஞ்சம் நகர்த்தி மற்றதோடு சேர்த்துவைக்கிற வேலை அதனுடையது. ஒத்துவந்தால் பிறகு கண்ணாடியிலேயே கடைந்து கொடுப்பார்கள். போதாமல் போனால், தசையைக் கொஞ்சம் தளர்த்த ஒரு சின்ன ஆபரேஷன் இருக்கிறது, காலையில் வந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்.

அல்போன்சம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மடியில் கிடந்த தன் கைகளைக் குனிந்து பார்த்தாள். மோதிரம் ஒன்று. நூல் அறுத்த தழும்பு ஆள்காட்டி விரலில் ஒரு கோடு. பத்து விரல். எண்ணிப் பார்த்தாள், பத்துதான். அப்புறம்தான் அழுகை வந்தது. டாக்டர் டிஷ்யூப் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, கணினியில் எதையோ மும்முரமாகத் தட்டினார், பாவம்.

காலையிலிருந்து இரண்டு பேரும் சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த உணவங்காடியில் போய் உட்கார்ந்தார்கள். ஆம்ப்ரோஸ் நம்மூர் பரோட்டா மாதிரியான பிராட்டாவும், நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீரும் வாங்கி வந்தார். தெம்பனிஸ் அலுவலகத்திலிருந்து வேய்ன் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்ன ஆச்சு என்று செய்தி அனுப்பிக் கேட்டுக்கொண்டே இருந்தான். அவனுக்குப் பதில் அனுப்பினாள். சனிக்கிழமை புருவம் திருத்த வருகிறவர்களின் பேரை எழுதிக்கொள் என்று கதீஜாவுக்குப் போனில் சொன்னாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்று கதீஜா கத்தியது பக்கத்து மேசைக்குக் கேட்டிருக்கும். கொஞ்சம் பொறுத்து, "ஷாரனுக்கு மட்டும் பேர் எழுதாத, அவளுக்கு முதல்ல முடி வளரட்டும்" என்றாள் அல்போன்சம்மாள்.

கைக்குட்டை எடுக்கக் கைப்பையைத் திறந்தபோது நாலாக மடித்த ஒரு காகிதம் கீழே விழுந்தது. ஆம்ப்ரோஸ் எடுத்து விரித்தார். அவள் பிடுங்கப் போனாள். அவர் கையை உயர்த்திக்கொண்டார்.

அவள் கையெழுத்துத்தான். வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன. 'பிரஷர் மாத்திரை காலையில் சாப்பிட்ட பிறகு, வெறும் வயிற்றில் இல்லை. வாஷிங் மெஷினில் வெள்ளைத் துணியைத் தனியாகப் போடவும். ரசத்துக்குப் புளி கரைத்து ஒரு கொதி, பருப்புத் தண்ணி அப்புறம், நுரை கட்டியதும் இறக்கிவிடவும், கொதிக்க விடக்கூடாது. வேய்ன் யாரைக் கூட்டி வந்தாலும் சரி என்று சொல்லவும். மறுபடி கல்யாணம் செய்வதானால் ஒரு வருடம் கழித்து.'

அவர் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.  பிராட்டா ஆறிக்கொண்டிருந்தது.

"எப்ப எழுதின?" என்றார்.

"ஈஸ்டர் முடிஞ்ச வாரம்."

"ஒரு வருசம்னு ஏன் போட்ட?"

"ஆறு மாசத்துல பண்ணா கோயில்ல நாலு பேரு சிரிப்பாங்க. உங்களுக்குத்தான் கேவலம்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. முழங்கையால் துடைத்துக்கொண்டார். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் போனார்.

"அதக் குடுங்க, கிழிச்சுப் போடுறேன்."

"ஏன் கிழிக்கணும்? ரசம் இருக்கு இதுல. முப்பது வருசமா கேட்டிருக்கேன், ஒருநாளாவது சொல்லிக் குடுத்தியா?"

அவள் அவர் பையிலிருந்த பேனாவை உருவி, காகிதத்தை வாங்கி மேசைமேல் விரித்தாள். குனிந்து, கடைசி வரியைக் குறுக்காக அடித்தாள். ஒருதரம் போதாதென்று இன்னொருதரமும் அடித்தாள். மிச்சத்தை அவரிடமே கொடுத்துவிட்டு, ஆறிப்போன பிராட்டாவைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஆம்ப்ரோஸ்தான் ரசம் வைத்தார். உப்பு கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. மூன்று பேரும் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள்.